பதுங்குகுழியில் செய்த பொருத்தனையும் ஊழிய அழைப்பும்: வாசகர் கேள்விக்கு ஆலோசனை

வலிகாமத்தைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இம்முறை பதிலளிக்கிறேன். அவரையோ அவருடைய குடும்பத்தையோ எவரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியும் சிலவற்றை விட்டும் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 31. யாழ்ப்பாண நகரிலுள்ள தனியார் வங்கியொன்றில் எட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். மனைவி அரச பாடசாலை ஆசிரியை. மூன்று வயதில் ஒரு மகள். குடும்பம் மூன்று தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தை (மறைமாவட்டத்தை) சேர்ந்தது. போர்க் காலத்தில் வன்னியில் இருந்த அவர்கள், 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றார்கள். அங்கே எறிகணை வீழ்ந்து அவருடைய அண்ணன் இறந்தார். அப்போது 15 வயதாயிருந்த இவர் அதே பதுங்குகுழியிலிருந்து காயமின்றி வெளியே வந்தார். "இவனையாவது உயிரோடு தாரும், உமது ஊழியத்துக்கே இவனைத் தருவேன்" என்று தாயார் அன்றிரவு செய்த பொருத்தனையைக் கடந்த ஆண்டு, இருதய சிகிச்சைக்குச் செல்லுமுன்தான் மகனிடம் சொல்லியிருக்கிறார்.

அதன்பின் மே மாதத்தில் ஒரு கனவு. முள்ளிவாய்க்காலை அடுத்துள்ள நந்திக்கடல் களப்பின் மறுகரையில் நின்று பலர் கையசைத்துக் கூப்பிடுகிறார்கள். இவருக்குத் தண்ணீரில் இறங்கக் கால் வரவில்லை. நண்பர் அழைத்துச் சென்ற சுயாதீன சபையொன்றின் போதகர் இக்கனவைக் கேட்டு, கூப்பிடுகிறவர்கள் அழிந்துபோகும் ஆத்துமாக்கள் என்றும், உயிர்த்த ஞாயிறுக்கு முன் வேலையை விட்டுத் தம்மிடம் உதவிப் போதகராக வந்துவிட வேண்டும் என்றும், தாமதித்தால், கடவுளின் கட்டளையை மீறி ஓடி மீன் வயிற்றில் அகப்பட்ட யோனாவுக்கு நேர்ந்ததே நேரும் என்றும் சொல்லியிருக்கிறார். மனைவியோ இதற்கு இணங்கவில்லை. குருவானவர் ஒருவரின் மகளான அவர், "மிஷன் வீட்டில் வளர்ந்தவள் நான், திரும்பவும் அங்கே போகமாட்டேன்" என்கிறார்; மிஷன் வீடு என்பது குருவானவரின் குடும்பத்துக்குச் சபை தரும் வீடு. வங்கியில் பெற்ற வீட்டுக் கடன் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. இவற்றோடு, சிறு வயதிலிருந்தே தமக்குப் பேச்சுத் திக்குவதாகவும் எழுதியிருக்கிறார். அவர் முக்கியமாகக் கேட்பவை நான்கு: இது உண்மையிலேயே கடவுளின் அழைப்பா? அம்மாவின் பொருத்தனை தம்மைக் கட்டுப்படுத்துமா? கடவுளுக்குக் கீழ்ப்படிவதா, மனைவிக்கா? வேலையை எப்போது விடுவது?

அன்பின் தம்பி,

பொருத்தனைக்கும் கனவுக்கும் போதகரின் வார்த்தைக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே, வேறொன்றைச் சொல்ல வந்த இடத்தில், சில வரிகள் வருகின்றன. சக ஊழியர் ஒருவரின் பெரியப்பா தெல்லிப்பழை வைத்தியசாலையின் புற்றுநோய் விடுதியில் இருந்தார். அவருடைய பிள்ளைகள் கனடாவில். சனிக்கிழமைகளில் நீங்கள் போய்ப் பார்த்துவந்தீர்கள். நகம் வெட்டிவிட்டீர்கள், முகம் வழித்துவிட்டீர்கள், அவர் கேட்டபோது 121ஆம் சங்கீதத்தை வாசித்தீர்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த சைவப் பெரியவர், "தம்பி, கொஞ்சம் பலத்து வாசியுங்கோ, எனக்கும் கேக்கட்டும்" என்றார். பெரியப்பா காலமான பிறகும், அந்தப் பெரியவருக்காகவும் அவருக்குப் பின் வந்தவர்களுக்காகவும் நீங்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. இது தொடங்கி மூன்று ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா பொருத்தனையைச் சொன்னது கடந்த ஆண்டு. கனவு வந்தது அதற்கும் பிறகு. இந்தக் கால வரிசையை நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஊழிய விருப்பம் அம்மாவின் வாயிலிருந்து உங்களுக்குள் வந்ததோ என்று பயப்படுகிறீர்கள். அம்மா வாய் திறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, எவரும் சொல்லாமல், எவருக்கும் தெரியாமல், குருவானவர் ஒருவர் செய்யும் வேலையின் மிக அடிப்படையான பகுதியை நீங்கள் செய்துகொண்டிருந்தீர்கள். ஊழியத்துக்கு விண்ணப்பித்த பலரோடு பேசியும், தேர்வுக் குழுக்களில் அமர்ந்தும், பிற்பாடு உளவளத்துணையாளனாகவும் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கனவைவிட அந்தச் சனிக்கிழமைகளையே நான் பெரிதாக எண்ணுகிறேன். இதனால் உங்களுக்கு அழைப்பு உறுதியாகிவிட்டது என்று பொருள்கொள்ள வேண்டாம். உங்கள் கேள்வி விளையாட்டானதன்று, பொறுமையாகச் சோதித்தறியத் தக்கது என்பதே நான் சொல்வது.

கனவைப் பற்றி

ஒவ்வொரு மே மாதமும் தூக்கம் குழம்புகிறது, கோயில் திருவிழா வெடிச் சத்தத்துக்கு உடம்பு பதறுகிறது, அண்ணனின் பெயரைச் சொல்ல இன்றும் வாய் வருவதில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, இவற்றுக்கும் கனவுக்கும் தொடர்பே இல்லாததுபோல அடுத்த பந்திக்குப் போய்விடுகிறீர்கள். அதே மண்ணில், அதே மாதத்தில், அண்ணனை இழந்து உயிர்தப்பிய ஒருவருக்கு அந்த நீர்ப்பரப்பு கனவில் வருவதற்கு வேறு காரணம் தேவையில்லை. "அவன் போனான், நான் ஏன் இருக்கிறேன்?" என்ற கேள்வி, பேரிழப்பிலிருந்து தப்பியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் குற்றவுணர்வு. அது பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, ஒரு நோயோ மரணமோ பழைய செய்தியொன்றோ தொட்டவுடன் மேலெழும். உங்களைப் பொறுத்தவரை அம்மாவின் இருதய நோயும் அவர் சொன்ன இரகசியமும் ஒரே வாரத்தில் வந்து தொட்டிருக்கின்றன. மறுகரையில் நின்றவர்களுள் அண்ணனும் இருந்தாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

கடவுள் கனவில் பேசமாட்டார் என்று நான் சொல்லவில்லை. மக்கெதோனியன் ஒருவன் தன்னைக் கூப்பிடுவதாகப் பவுல் கண்ட தரிசனத்தைப் போதகர் உங்களுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்த இடத்தை (அப்போஸ்தலர் 16:9-10) மீண்டும் வாசியுங்கள். தரிசனத்தைக் கண்டவர் பவுல் ஒருவர். ஆனால், சுவிசேஷம் அறிவிக்கக் கர்த்தர் எங்களை அழைத்திருக்கிறார் என்று "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" புறப்பட்டோம் என அடுத்த வசனம் பன்மையில் சொல்கிறது. கண்டது ஒருவர், நிச்சயித்தது கூடியிருந்தவர்கள். உங்கள் கனவுக்கோ, உங்களை அப்போதுதான் முதன்முறையாகச் சந்தித்த ஒருவர், தமக்கு உதவியாளர் தேவைப்பட்ட வேளையில், தனியாகப் பொருள் சொல்லியிருக்கிறார்.

ஆகவே இரண்டையும் தனித்தனியே பாருங்கள். அண்ணனின் இழப்பு ஒன்று. ஊழிய அழைப்பு இன்னொன்று. முதலாவதற்கு உளவளத்துணை நாடுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். இதை விசுவாசக் குறைவு என்று எவர் சொன்னாலும் நம்பவேண்டாம். ஆறாத துக்கத்தோடு குருவாகிறவர், தாம் நடத்தும் ஒவ்வொரு இளைஞனின் அடக்க ஆராதனையிலும் தம் அண்ணனையே அடக்கம் செய்ய நேரும். அது அவருக்கும் நல்லதன்று, சேமக்காலையில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்துக்கும் நல்லதன்று. துக்கத்துக்கு உரிய இடத்தைக் கொடுத்த பிறகும் ஊழிய விருப்பம் அப்படியே நிற்குமானால், அது குற்றவுணர்விலிருந்து பிறந்ததன்று என்ற தெளிவு உங்களுக்கே கிடைக்கும்.

பொருத்தனை உங்களைக் கட்டுப்படுத்துமா?

உங்கள் அம்மாவின் பொருத்தனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒரு பிள்ளையின் உடலை மூடக்கூட நேரமில்லாத இரவில், மிஞ்சிய பிள்ளைக்காக ஒரு தாய் சொன்ன வார்த்தை அது. ஆனால் அது அவருடைய பொருத்தனை; உங்களுடையதன்று.

அன்னாளை நீங்களே மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அன்னாள் பொருத்தனை செய்தார், சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டார் என்பது உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆலயத்திலேயே வளர்ந்த அந்தப் பிள்ளையையும் கர்த்தர் பின்னர் ஓர் இரவில் பெயர் சொல்லித் தாமே கூப்பிட்டார். தாயின் பொருத்தனையே அழைப்பாக இருந்திருந்தால் அந்த இரவு தேவைப்பட்டிராது. சாமுவேலுக்கோ அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. ஆசாரியரான ஏலியிடம் திரும்பத் திரும்ப ஓடினார். மூன்றாம் முறைதான் ஏலிக்கே விளங்கியது. அழைப்பு இன்னதென்று பிரித்தறிய முதிர்ந்த ஒருவரின் துணை தேவைப்பட்டது என்பதையும் கவனியுங்கள். அதே சாமுவேல் முதிர்வயதில் தம் பிள்ளைகளை நியாயாதிபதிகளாக வைத்தபோது, அவர்கள் தகப்பனின் வழியில் நடக்கவில்லை. ஊழியம் பெற்றோரின் விருப்பத்தால் பிள்ளைக்கு வந்துவிடும் சொத்தன்று.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள், பிரசங்கங்களில் இது அரிதாகவே வருகிறது. லேவியராகமம் 27ஆம் அதிகாரம், ஆட்களைக் கர்த்தருக்கென்று பொருத்தனை செய்தால் என்ன செய்வது என்பதைத்தான் முதலில் பேசுகிறது. அவர்கள் எல்லாரும் ஆலய வேலைக்குப் போகவேண்டும் என்று அது சொல்லவில்லை. 20 முதல் 60 வயது வரையான ஆணுக்கு 50 வெள்ளிச் சேக்கல் என்று தொடங்கி, ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் மதிப்புக் குறித்து, அதைச் செலுத்தலாம் என்கிறது. அதற்கும் வசதியற்றவருக்கு அவருடைய திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பிடவேண்டும் என்கிறது. பணம் கட்டுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடும் நெருக்கடியில் மனிதர் சொல்லும் வார்த்தை இன்னொருவரின் வாழ்நாளைச் சிறைப்படுத்தக்கூடாது என்பதை அந்தப் பழைய சட்டமே அறிந்திருந்தது என்பதைக் காட்டவே எழுதுகிறேன். அம்மாவின் பொருத்தனைக்காக மட்டும் நீங்கள் குருவாக வேண்டியதில்லை. நீங்கள் குருவாகாவிட்டால் அதற்காகக் கடவுள் அம்மாவின் உயிரை எடுத்துவிடமாட்டார். கடிதத்தின் இறுதியில் கிறுக்கி வெட்டியிருந்த அந்த வரியை என்னால் வாசிக்க முடிந்தது. ஆகையால்தான் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன்.

மனைவியின் மறுப்பு

கடவுளுக்கா, மனைவிக்கா என்ற கேள்வியே தவறாக அமைந்துவிட்டது. குருவானவரின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று உங்கள் வீட்டில் அனுபவத்தால் அறிந்தவர் அவர் ஒருவரே. நீங்கள் பிரசங்கபீடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் அதன் பின்பக்கத்தில் வளர்ந்தவர். சில ஆண்டுகளுக்கொரு முறை தீவகத்துக்கும் வன்னிக்கும் மாறிய வீடுகள், புதுப் பாடசாலையில் நடுத்தவணையில் போய் நின்ற நாட்கள், அப்பா இல்லாத நத்தார் இரவுகள், சமையலறை வரைக்கும் வந்து உரிமையோடு குறை சொன்ன சபையார், இவையெல்லாம் அவருக்குத் தெரியும். இவற்றை அவர் சொல்லும்போது நீங்கள் "தடை" என்று எழுதுகிறீர்கள். நான் அதைச் சாட்சியம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் கேட்பதும் இதைத்தான். மனைவி பிள்ளைகளை அடக்கி வைப்பதற்கு அது உரிமைச்சீட்டன்று. வீட்டிலுள்ளவர்களின் நம்பிக்கையைப் பெற்றிருக்கிறாரா என்று விண்ணப்பதாரரைச் சோதிக்கும் கேள்வி. மணமானவர் விண்ணப்பித்தால் துணைவரையும் சந்தித்துப் பேசுவது பொறுப்புள்ள தேர்வுக் குழுக்களின் வழக்கம். மனைவி வாய்மூடி இணங்குவதைப் பார்த்து நல்ல குழு மகிழாது.

அவரிடம் "வருவீரா, மாட்டீரா" என்று கேட்காதீர்கள். "மிஷன் வீட்டில் உமக்கு எது மிகக் கடினமாயிருந்தது? அதில் எதை மாற்ற முடிந்தால் தாங்கலாம்?" என்று கேட்டு, பதில் வரும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். அவருடைய ஆசிரியத் தொழிலைத் தொடர்வது, அதற்கேற்ற இடமாற்றம், மகளின் படிப்பு, வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட நாள் ஆகியவை ஆதீனத்தோடு முன்கூட்டியே பேசக்கூடியவை. எல்லாம் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அவருடைய அப்பாவும் அவரும் இதைப்பற்றி எப்போதாவது மனம்விட்டுப் பேசியிருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். சில குருமனைகளில் பிள்ளைகளின் வலியைத் தகப்பன் இளைப்பாறிய பிறகே கேட்கிறார்.

குடும்பத்தைக் காப்பதும் கடவுளின் வேலைக்கு வெளியே நிற்பதன்று. தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் "கொர்பான்" என்று, அதாவது கடவுளுக்கு அர்ப்பணித்துவிட்டேன் என்று, சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கடுமையாகக் கண்டிக்கிறார். நோயாளியான அம்மாவும் மூன்று வயது மகளும் உள்ள ஒருவர் அதை மறக்கக்கூடாது.

"தாமதித்தால் யோனா"

இந்தப் பயமுறுத்தலை நான் ஏற்கவில்லை. யோனா தெளிவான கட்டளையைக் கேட்டு, தெரிந்துகொண்டே எதிர்த்திசைக் கப்பலில் ஏறியவர். கேட்டது சரிதானா என்று விசாரிக்கிறவர் யோனா அல்லர். அவர் கிதியோனுக்குத்தான் நெருங்கியவர், இஸ்ரவேலை மீட்க அழைக்கப்பட்ட கிதியோன் இருமுறை அடையாளம் கேட்டும் தண்டிக்கப்படவில்லை. தமஸ்கு வழியில் நேரடியாக அழைக்கப்பட்ட பவுலே, அரபி தேசத்துக்குப் போய், தமஸ்குவுக்குத் திரும்பி, மூன்று வருடத்துக்குப் பின்தான் எருசலேமுக்குச் சென்றதாகக் கலாத்தியருக்கு எழுதுகிறார். பின்னர் தர்சுவில் இருந்த அவரைப் பர்னபா தேடிப்போய் அழைத்து வந்தார். அந்தியோகியாச் சபை உபவாசித்து, கைகளை வைத்து அனுப்பியது. உள்ளத்தில் கேட்ட அழைப்பைச் சபையின் அழைப்பு உறுதிப்படுத்தும் வரை காத்திருப்பதைத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே கீழ்ப்படிவாகவே கருதிவந்திருக்கிறது.

சுயாதீன சபைகளில் உண்மையான ஊழியர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இருக்கிறார்கள். ஆனால் எந்தச் சபையில் சேர்ந்தாலும் சில கேள்விகளைக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. கணக்கை யார் பரிசோதிக்கிறார்கள்? போதகர் தவறினால் அவரைத் திருத்த யாருக்கு அதிகாரம்? நியமனம் எழுத்தில் தரப்படுமா? மாதப் படி எவ்வளவு, எந்த நிதியிலிருந்து? பிரிய நேர்ந்தால் என்ன? வங்கியில் கடன் விண்ணப்பம் ஒன்றை இதைவிடக் குறைந்த விசாரணையோடு நீங்கள் அங்கீகரிக்கமாட்டீர்கள். இவற்றைக் கேட்டதற்காக ஒருவர் கோபித்தால், அந்தக் கோபமே உங்களுக்குப் பதில்.

இறையியல் படிப்பு "ஆவியை அணைத்துவிடும்" என்று அந்தப் போதகர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதை நம்புவது கடினம். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் முதன்முதலாகக் கூடியபோது தொடக்க ஆராதனையில் பிரசங்கித்த மெதடிஸ்த ஊழியர் டி. ரி. நைல்ஸ் நம் யாழ்ப்பாணத்தவர். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் முறையாகப் படித்தவர். அவருடைய சுவிசேஷ வாஞ்சையைப் படிப்பு அணைத்ததாக எவரும் சொன்னதில்லை.

பொதுவாக வழி இப்படி அமையும். முதலில் சேகரக் குருவோடு (உங்கள் உள்ளூர்ச் சபைக்குப் பொறுப்பான குருவோடு) பேச்சு, பின் சேகர சபையின் பரிந்துரை, ஆதீனத்தின் நேர்முகம், பெரும்பாலும் ஒரு சேகரத்தில் சோதனைக் காலப் பணி, சில ஆண்டுகள் இறையியல் கல்லூரி, உதவிக்குருவாக அபிஷேகம், பின்னர் குருத்துவம். வயது வரம்பையும் கல்வித் தகைமையையும் ஆதீன அலுவலகத்தில் நேரே கேட்டறியுங்கள். எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்பதை ஆதீனமே தீர்மானிக்கும். கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரி போன்ற ஓரிடத்துக்கு அனுப்பப்பட்டால், சிங்கள மாணவர்களோடு ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே ஆலயத்தில் நற்கருணை எடுப்பீர்கள். முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த ஒருவருக்கு அது எளிதாயிராது; அவர்களுள்ளும் போரில் அண்ணனையோ தம்பியையோ இழந்தவர் இருக்கலாம். முதலில் உளவளத்துணை என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊழியம் என்றால் பிரசங்கம் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் ஓடுகிறது. திக்குவாய் பற்றிய கவலை அதிலிருந்துதான் வருகிறது. மோசேயும் தாம் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவர் என்றே தயங்கினார் என்பது உங்களுக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சியும் இன்று கிடைக்கிறது. அதைவிட, ஒரு சேகரக் குருவின் கிழமையைப் பாருங்கள். வீட்டு ஜெபம், நோயாளர் சந்திப்பு, மழையில் நடக்கும் அடக்கம், திருமணத்துக்கு முந்திய ஆலோசனை, ஆலயக் காணி வழக்கு, வெளிநாட்டில் இருப்பவர் நிபந்தனையோடு அனுப்பும் கட்டட நிதி, கலியாணப் பேச்சில் சாதியை இழுத்துக்கொண்டு வருகிற நல்ல விசுவாசிகள், கூட்ட அறிக்கைகள். பிரசங்கம் இவற்றுள் ஒரு பங்குதான். இந்தப் பட்டியலை வாசிக்கும்போது உங்களுக்குச் சோர்வு வருகிறதா, அல்லது இதற்குள் போய் நிற்கவேண்டும் என்று தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

வேலையை விடுமுன்

இப்போது விடவேண்டாம். கல்லூரிக்குத் தெரிவு செய்யப்பட்டதாக எழுத்தில் வந்த பிறகே விலகல் கடிதம் எழுதுங்கள்.

பணிக்கொடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் இறுதி மாதச் சம்பளத்தில் அரைப்பங்கு உரியது. எட்டு ஆண்டுக்கு நான்கு மாதச் சம்பளம். ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் பொதுவாக 55 வயதில்தான் எடுக்கலாம்; ஊழியத்துக்குப் போவது முன்கூட்டி எடுப்பதற்கான காரணமாகாது. அந்தப் பணத்தை நம்பி மாதக் கணக்குப் போடாதீர்கள்.

வீட்டுக் கடனே பெரிய விடயம். பணியாளருக்கான சலுகை வட்டி பல வங்கிகளில் விலகும் நாளோடு நின்றுவிடும். சில வங்கிகள் மிகுதித் தொகையை உடனே கேட்கும். உங்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவை எடுத்து வாசியுங்கள். உங்களுக்காகப் பிணை நின்ற இரண்டு நண்பர்களைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கட்டத் தவறினால் வங்கி அவர்களிடம் போகும். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. இதை ஒழுங்கு செய்யாமல் எடுக்கும் முடிவை நான் விசுவாச அடி என்று அழைக்கமாட்டேன். ஆதீனம் தரும் படி எவ்வளவு என்று கேட்பதும் உலகப்பற்றன்று; கேட்டறிந்து, மனைவியின் சம்பளத்தோடு சேர்த்து, கடன் தவணையைக் கழித்து, இருவரும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். படிப்பு முடியும்வரையான ஆண்டுகளுக்குத் தனியாக எழுதுங்கள். அவையே மிக நெருக்கடியானவை.

சபை "இல்லை" என்றோ "பொறு" என்றோ சொல்லலாம். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டதற்கு, அங்கு படித்தவர்களில் பலர் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகங்களுக்குப் போனதும் ஒரு காரணம். ஊழியத்துக்கு வராததைத் தோல்வியாகக் கண்ட அந்தத் தீர்ப்பு குறுகியது என்றே நான் எண்ணுகிறேன். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் வைத்தியராக இருந்துகொண்டே அழைப்பை நிறைவேற்றினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆசிரியராகவும் உதயதாரகையின் பத்திராதிபராகவும் இருந்து நம் திருச்சபைக்குச் செய்தது சிறியதன்று. நீங்கள் வங்கியிலேயே தங்கினாலும் தெல்லிப்பழை விடுதியில் அந்தக் கதிரை உங்களுக்காகக் காலியாகவே இருக்கும்.

இனிச் செய்யவேண்டியது

முதலில் மனைவியோடு பேசுங்கள். அடுத்து உளவளத்துணைக்கு நேரம் எடுங்கள். அதன்பின் சேகரக் குருவிடம் போங்கள். அவரிடம் இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லாமல், அறிமுகமற்ற போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள். பெரிய எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடுவோமோ என்ற பயமாயிருக்கலாம். "நான் விண்ணப்பிக்க வரவில்லை, என்னோடு சேர்ந்து ஓராண்டு சோதித்தறிய வந்தேன்" என்று சொல்லுங்கள். பொறுப்புள்ள குருவுக்கு அது விளங்கும். அந்த ஓராண்டில் வாசகம், ஓய்வுநாட் பாடசாலை, வீட்டுச் சந்திப்பு என்று அவர் தருவதைச் செய்யுங்கள். உங்களைப் பற்றி அவர் காண்பதைக் கூச்சமின்றிச் சொல்லும்படி கேளுங்கள். சுயாதீன சபைப் போதகருக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு முன் முடிவெடுக்க முடியாது என்று மரியாதையாகத் தெரிவித்துவிடுங்கள். விளக்கம் தரவேண்டியதில்லை.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். 2009இலிருந்து அவரும் அந்தப் பொருத்தனையைத் தனியாகச் சுமந்திருக்கிறார். நிறைவேறாவிட்டால் என்ன ஆகுமோ என்ற உங்கள் பயம் அவருக்கும் இருந்திருக்கும். நீங்கள் சோதித்தறியத் தொடங்கியிருப்பதைச் சொல்லுங்கள்; முடிவு எதுவானாலும் அவர்மேல் குற்றமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சேகரக் குரு வீட்டுக்கு வந்து, அந்த இரவில் அவர் சொன்ன வார்த்தைகளை அவரோடு சேர்ந்து கடவுளிடம் ஒப்புக்கொடுத்து ஜெபித்தால், அந்தப் பாரம் அவருக்குக் குறையும். அதற்கு அவருடைய சம்மதத்தை முதலில் கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் அவருடைய உடல்நிலை இத்தகைய பேச்சைத் தாங்குமா என்று அவரைப் பார்க்கும் வைத்தியரிடம் விசாரித்துவிட்டு நாளைக் குறியுங்கள்.